கிரிப்டோ அழைப்பு வந்தால்: பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை, போன பின் செய்ய வேண்டியவை

கிரிப்டோவில் பணம் போடச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், லாபம் எவ்வளவு என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார், அவர் எந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். கீழே வரும் சோதனைகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுபவைதான்.

இந்தியாவில் கிரிப்டோவுக்குத் தடை இல்லை. வங்கிகள் இதைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட உத்தரவை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 முதல் லாபத்துக்கு 30% வரியும் உண்டு. “அரசாங்கமே வரி வாங்குகிறது, அப்போது அங்கீகாரம் இருக்கிறது” என்று ஏஜென்ட்கள் சொல்வது இதை வைத்துத்தான். வரி விதிப்பது அங்கீகாரம் ஆகாது. பங்குச் சந்தைக்கு செபி இருப்பதுபோல் கிரிப்டோ முதலீட்டாளருக்கென்று ஒரு கண்காணிப்பு அமைப்பு இங்கே இல்லை. இழப்பு ஏற்பட்டால் ஒழுங்குமுறை அமைப்புகளிடம் நிவாரணம் கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையை விளம்பரத்திலேயே போட வேண்டும் என, விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்சிஐ 2022 ஏப்ரல் 1 முதல் விதி வைத்திருக்கிறது. அந்தச் சிறிய எழுத்து வரியை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

வாக்குறுதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தல்

ஏஜென்ட் சொல்லும் சதவீதத்தை ஒரு வருடத்துக்கு நீட்டிப் பாருங்கள். கைபேசிக் கால்குலேட்டர் போதும். நாளுக்கு 1% என்றால், லாபத்தையும் சேர்த்துப் போடும்போது 1 லட்சம் ரூபாய் ஓராண்டில் ஏறக்குறைய 37.8 லட்சம் ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் 14 கோடியைத் தாண்டும். உலகத்தில் எந்தத் தொழிலும் இப்படிச் சம்பாதித்துத் தராது. பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ முதலீட்டுத் திட்டம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஒரு ‘டிரேடிங் பாட்’ தானாக வாங்கி விற்று லாபம் தரும் என்றார்கள். 2018 ஜனவரியில் அது சரிந்தது. 240 கோடி டாலர் மோசடி என்று, சூரத்தைச் சேர்ந்த அதன் நிறுவனர் சதீஷ் கும்பானி மீது 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது.

இந்தியாவில் கெயின்பிட்காயின் என்ற திட்டம், 18 மாதங்களுக்கு மாதம் 10% பிட்காயினாகவே தருவதாகச் சொன்னது. புதிதாகச் சேருபவர்கள் குறைந்தபோது, பிட்காயினுக்குப் பதில் அவர்களே உருவாக்கிய எம்கேப் என்ற காயினைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும், நீங்கள் போட்டது ரூபாயோ பிட்காயினோ, திரும்பி வருவது அவர்களுடைய சொந்த டோக்கன் (அவர்களே வெளியிடும் காயின்) என்று மாறும் நாளில் பணம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். “ஸ்டேக்கிங் செய்தால் (காயினைப் பூட்டி வைத்தால்) இரட்டிப்பு”, “லிஸ்டிங் ஆனதும் (தளத்தில் விற்பனைக்கு வந்ததும்) பத்து மடங்கு” போன்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

பெரிய பெயர்கள் பின்னால் நின்றாலும் இதே கதி வரலாம். டெர்ரா என்ற கிரிப்டோ வலைப்பின்னலில் ஆங்கர் என்ற சேவை வைப்புக்கு ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தது. பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. 2022 மே மாதம் சில நாட்களில் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு அழிந்தது. எனவே “இந்த வட்டியைக் கொடுக்க வருமானம் எங்கிருந்து வருகிறது?” என்று கேளுங்கள். கடன் வாங்குபவர் யார், அவர் என்ன வட்டி கட்டுகிறார் என்பதை எண்களோடு சொல்ல முடியாதவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்சைச் சோதித்தல்

2023 மார்ச் 7 முதல் இந்தியாவில் கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்கள் (எக்ஸ்சேஞ்ச்கள்) சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அவை எஃப்ஐயு எனப்படும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் நடத்தியதாக 2023 டிசம்பரில் பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உள்ளிட்ட 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ் போனது. பைனான்ஸ் பிறகு பதிவு செய்துகொண்டது. 2024 ஜூனில் அதற்கு 18.82 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. ஆகவே தளத்தின் முகப்புப் பக்கத்தில் இருக்கும் சான்றிதழ்ப் படத்தை நம்பாமல், எஃப்ஐயு வெளியிடும் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறு வேறாக இருக்கலாம், நிறுவனப் பெயரைத் தேட வேண்டும். நிறுவனப் பதிவுச் சான்றை மட்டும் காட்டினால் அது போதாது. அதை யாரும் சில ஆயிரம் ரூபாயில் வாங்கிவிடலாம். எஃப்ஐயு பதிவுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த நிறுவனம் சந்தேகப் பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்பதை அது காட்டும். உங்கள் பணம் பத்திரம் என்று காட்டாது.

அடுத்து, பலரும் திறந்தே பார்க்காத பயன்பாட்டு விதிமுறைகள். அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு, காயின்களை வைத்திருப்பது எந்த நிறுவனம், தகராறு வந்தால் எந்த நாட்டில் தீர்வு. இது ஏன் முக்கியம் என்பதை வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் பயனர்கள் மிகுந்த வலியோடு அறிந்தார்கள். 2024 ஜூலை 18 அன்று அந்தத் தளத்தின் ஒரு வாலட்டிலிருந்து (டிஜிட்டல் பணப்பை) சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. பலர் ஒப்புதல் தந்தால்தான் காயின் நகரும் என்ற பல கையெழுத்துப் பாதுகாப்பு அந்த வாலட்டுக்கு இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறு. அதன் பிறகு எல்லோருடைய காயின்களும் முடங்கின. இழப்பை எப்படிப் பகிர்வது என்ற திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏனென்றால் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது. இங்கே மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் கையில் எதுவும் இல்லாமல் காத்திருந்தார்கள்.

இதே விவகாரத்தில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவை எல்லாக் கிரிப்டோ பயனர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிரிப்டோ ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்று நீதிமன்றம் சொன்னது. மனுதாரர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி காயின், திருடு போனது வேறு வகை டோக்கன்கள். அதனால் அவருடைய காயின்களை மற்றவர்களின் இழப்புக்கு ஈடாக எடுப்பதற்கு எதிராக இடைக்காலப் பாதுகாப்புக் கிடைத்தது. பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தது என்பது, இந்த நீதிமன்றம் வழக்கைக் கேட்கலாம் என்பதற்கு உதவியது. அதனால் எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எந்தக் காயினை, எத்தனை வாங்கினீர்கள் என்ற பதிவை மாதம் ஒருமுறை தளத்திலிருந்து இறக்கிச் சேமியுங்கள். தளம் முடங்கிய பிறகு அந்தப் பக்கம் திறக்காமல் போகலாம்.

“கையிருப்புச் சான்று” என்று பல தளங்கள் வெளியிடும் கணக்கைப் படிக்கும்போது, அதில் சொத்து மட்டும் இருக்கிறதா, வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய மொத்தக் கடனும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இல்லாத கணக்கு பாதிக் கணக்கு. எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் திவாலானபோது வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 800 கோடி டாலர் குறைந்தது. சகோதர நிறுவனமான அலமேடாவின் சொத்துப் பட்டியலில் ஒரு பெரிய பங்கு எஃப்டிஎக்ஸ் தானே வெளியிட்ட டோக்கன். அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

புதிய டோக்கனைச் சோதித்தல்

திரையில் தெரியும் மதிப்பும் விற்றால் கிடைக்கும் பணமும் வேறு. புது டோக்கன்கள் பெரும்பாலும் ஒரு பூலில் (இரண்டு காயின்களின் பொது இருப்பில்) விற்கப்படும். ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் டாலர் மதிப்பை ஒட்டி இருக்கும் யுஎஸ்டிடி போன்ற காயின். இரண்டின் பெருக்குத் தொகை மாறாமல் இருக்கும்படி விலை நகரும். பூலில் 1 லட்சம் டோக்கனும் 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள யுஎஸ்டிடியும் இருந்தால் விலை 10 ரூபாய். உங்களிடம் 10 லட்சம் டோக்கன் இருந்தால் செயலி “1 கோடி ரூபாய்” என்று காட்டும். அத்தனையையும் விற்றால் பூலில் 11 லட்சம் டோக்கன் சேரும், யுஎஸ்டிடி பக்கம் ஏறக்குறைய 91 ஆயிரம்தான் மிஞ்சும். உங்கள் கையில் வருவது சுமார் 9.09 லட்சம். விலை 10 ரூபாயிலிருந்து 8 பைசாவுக்கு இறங்கியிருக்கும். உங்களுக்கு முன்பே நிறுவனர் விற்றுவிட்டால் அந்த 9 லட்சமும் அவருடையது. எனவே “மார்க்கெட் கேப்” (மொத்தச் சந்தை மதிப்பு) என்ன என்று கேட்காமல், பூலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

பார்ப்பது எப்படி? டோக்கனின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் நூறு போலிகள் இருக்கும். திட்டத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்தோ காயின் விவரத் தளமான காயின்கெக்கோவிலிருந்தோ கான்ட்ராக்ட் (டோக்கனை இயக்கும் நிரல்) முகவரியை எடுத்து, பரிமாற்றங்களை எல்லோருக்கும் காட்டும் தளங்களான ஈதர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் அல்லது டிரான்ஸ்கேனில் ஒட்டுங்கள். வைத்திருப்போர் பட்டியலைத் திறந்தால் முதல் பத்து முகவரிகளிடம் எத்தனை சதவீதம் என்று தெரியும். எக்ஸ்சேஞ்ச், பூல் முகவரிகளைக் கழித்த பிறகும் சிலரிடமே பாதிக்கு மேல் இருந்தால் விலை அவர்கள் கையில். கான்ட்ராக்ட் குறியீடு சரிபார்க்கப்பட்டதாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். சரிபார்க்கப்பட்டிருந்தால், புது டோக்கன் அச்சடிக்கும் உரிமையும் விற்பனையை நிறுத்தும் உரிமையும் உரிமையாளரிடம் இருக்கின்றனவா, பூலின் பணம் பூட்டப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். அடுத்த வாரம் திறக்கும் பூட்டினால் பயன் இல்லை.

வாங்கலாம், விற்க முடியாது என்ற வகை ஒன்று உண்டு. 2021 நவம்பர் 1 அன்று ஸ்குவிட் என்ற டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறி, சில நிமிடங்களில் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. ஏறிக்கொண்டே போனதற்குக் காரணம், வாங்கியவர்களால் விற்க முடியவில்லை என்பதுதான். பரிமாற்றப் பட்டியலில் வாங்கியவர்கள் நிறைய இருந்து, விற்றவர்கள் ஒன்றிரண்டு முகவரிகள் மட்டுமே என்றால் அதே பொறிதான். விலை வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு கூட இல்லாமல் பச்சையாகவே ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்.

போலிச் செயலியும் “வரி கட்டினால்தான் பணம்” என்ற மிரட்டலும்

டோக்கனால் மட்டுமல்ல, எக்ஸ்சேஞ்ச் போலவே தோன்றும் போலிச் செயலிகளாலும் தமிழ்நாட்டில் பலர் ஏமாறுகிறார்கள். வாட்ஸ்ஆப் அல்லது டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். தினமும் யாராவது லாபத்தின் ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். லிங்க் மூலம் செயலியை இறக்கச் சொல்வார்கள். முதலில் 5,000 போட்டால் 6,000 திரும்ப வரும். அந்தத் தொகைதான் தூண்டில். அது வேறொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம், அதனால் உங்கள் கணக்கே முடங்கவும் கூடும்.

அடையாளம் கண்டுபிடிக்க மிக எளிய வழி, பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு. உண்மையான எக்ஸ்சேஞ்சுக்கு நிறுவனப் பெயரில் கணக்கு இருக்கும். போலியில் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு, தனி நபர் பெயர் அல்லது ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயர் வரும். முதல் தடவை பெயர் மாறும்போதே விலகிவிடுங்கள்.

பெரிய தொகையை எடுக்கப் போகும்போது “30% வரியை முன்கூட்டிக் கட்டினால்தான் விடுவிப்போம்” என்பார்கள். வரி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த வலையில் விழ மாட்டீர்கள். 1,00,000 ரூபாய்க்கு வாங்கி 1,50,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்ச் விற்பனைத் தொகையிலிருந்தே 1% டிடிஎஸ், அதாவது 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். 50,000 லாபத்துக்கு 30% வரி 15,000, அதன் மேல் 4% செஸ் 600, ஆக 15,600. பிடித்த 1,500 போக 14,100 ரூபாயை நீங்கள் நேரடியாக வருமான வரித் துறைக்குக் கட்டுகிறீர்கள். எந்தத் தளமும் வரிக்கென்று புதிதாகப் பணம் போடச் சொல்லாது. “கணக்கைச் சரிபார்க்கும் கட்டணம்”, “ஆர்பிஐ அனுமதிக் கட்டணம்” எல்லாம் இதே வகை. கட்டினால் அடுத்த கட்டணம் வரும்.

சொந்த வாலட் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: வாலட்டைத் திறக்கும், 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரைக் காகிதத்தில் எழுதுங்கள், படம் எடுக்காதீர்கள், உதவி மைய ஆள் என்று சொல்பவர் உட்பட எவரிடமும் தராதீர்கள். பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்காதீர்கள். முதல், கடைசி எழுத்துகள் ஒத்திருக்கும் போலி முகவரியை உங்கள் பட்டியலுக்குள் வர வைத்துத் திருடுகிறார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 6.8 கோடி டாலர் மதிப்புள்ள காயினைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார், நல்வாய்ப்பாகப் பிறகு திரும்பி வந்தது. முகவரியின் நடுப்பகுதியையும் ஒப்பிடுங்கள். தெரியாத தளத்தில் வாலட்டை இணைத்திருந்தால், ஈதர்ஸ்கேனில் உள்ள அனுமதிச் சோதனைப் பக்கத்தில், உங்கள் காயினை எடுக்கத் தந்த வரம்பில்லாத அனுமதிகளை ரத்து செய்யுங்கள். வாலட்டைத் துண்டிப்பதால் மட்டும் அனுமதி போய்விடாது.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பு. வெட்கமும் “இன்னும் ஒருநாள் பார்ப்போம்” என்ற நப்பாசையும்தான் பெரிய நஷ்டம். ரூபாய் வங்கிகளுக்குள் இருக்கும்வரை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. யுஎஸ்டிடியாக மாறி வெளியே போனால் வேலை பல மடங்கு கடினம். அழைக்கும்போது உங்கள் வங்கிக் கணக்கு எண், ஒவ்வொரு பரிமாற்றத்தின் தொகை, தேதி, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண், பெற்றவரின் கணக்கு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். புகார் ஒப்புகை எண்ணை வாங்கி, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் ஆதாரங்களை ஏற்றுங்கள். அதே நாளில் உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஆதாரம் சேர்க்கும்போது குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உங்கள் பக்க உரையாடலையும் அழித்துவிடலாம். அதனால் அவரிடம் சண்டை போடுவதற்கு முன் கணினிப் பதிப்பில் முழு உரையாடலையும் இறக்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பிலும் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. ஸ்கிரீன்ஷாட்டில் தள முகவரியும் தேதியும் தெரிய வேண்டும். கைபேசியை ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவை, அதற்கு மூலக் கருவி இருப்பது நல்லது.

காயினாக அனுப்பியிருந்தால் பரிமாற்ற ஹாஷ், அதாவது அந்தப் பரிமாற்றத்தின் தனி அடையாளக் குறியீடுதான் உங்கள் ரசீது. டிரான் வலையில் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 34 எழுத்து இருக்கும், ஹாஷ் 64 எழுத்து. அதை டிரான்ஸ்கேனில் ஒட்டி, பணம் எந்த முகவரிக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று தொடருங்கள். எக்ஸ்சேஞ்ச் பெயர் ஒட்டிய முகவரியை அடைந்தால், அந்த முகவரியையும் ஹாஷையும் புகாரில் தனியாக எழுதுங்கள். அங்கேதான் கேஒய்சி (அடையாள ஆவணம்) கொடுத்த ஒரு மனிதர் இருக்கிறார். போலீஸ் கேட்டால் எக்ஸ்சேஞ்ச் விவரம் தரும், யுஎஸ்டிடி வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியில் உள்ள யுஎஸ்டிடியை முடக்கவும் முடியும்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் கேளுங்கள். “எங்கள் எல்லை இல்லை” என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவின்படி எல்லை பாராமல் புகாரைப் பதிய வேண்டும் என்று சொல்லுங்கள். மறுத்தால் எஸ்பி-க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். வழியில் ஏதாவது தொகை முடக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற நடுவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருக்கலாம். முடக்கிய தொகை தானாகவே கணக்குக்கு வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

உள்ளூர் ஏஜென்டும் பொறுப்பானவரே. மாதம் இவ்வளவு தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை போல வாங்கியிருந்தால், தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் தரலாம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற திட்டமென்றால் 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டமும் பொருந்தக்கூடும். அந்தச் சட்டத்தில் திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி உறுப்பினராகச் சேருவதும் குற்றம். அதனால் உங்கள் பேச்சை நம்பி அக்கா, மச்சான், அலுவலகத் தோழர் யாராவது சேர்ந்திருந்தால் உடனே அவர்களிடம் உண்மையைச் சொல்லி, ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு, வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. தடைக்குள் வருவதாக மத்திய வங்கி அறிவித்த பெயர்களில் கிரிப்டோ என்று சொல்லி நடந்த ஆன்மேக்ஸ்டிடியும் இருக்கிறது. சேரும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ஏமாற்றாத ஆளுக்கும் கணக்கு முடங்கும் ஓர் இடம் இருக்கிறது: பி2பி விற்பனை, அதாவது இன்னொரு பயனருக்கு நேரடியாக விற்பது. நீங்கள் யுஎஸ்டிடி விற்க, வாங்குபவர் திருட்டுப் பணத்தை உங்களுக்கு அனுப்பினால், எங்கோ ஒரு மாநிலத்துப் புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு நிற்கும். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் தளத்தில் உள்ள கேஒய்சி பெயரும் ஒன்றாக இல்லையென்றால் காயினை விடுவிக்காமல் பணத்தைத் தளத்தின் முறையீட்டு வழியில் திருப்புங்கள். முடங்கிவிட்டால் வங்கியிடம் புகார் எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆர்டர் எண், அரட்டைப் பதிவு, பரிமாற்ற ஹாஷ், கேஒய்சி ஆகியவற்றோடு பதில் அனுப்பி, முழுக் கணக்கையும் முடக்காமல் தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கோருங்கள்.

புகார் கொடுத்த சில வாரங்களில் “உங்கள் கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்” என்று அழைப்பு வரும். ஹேக்கர் என்பார்கள், வழக்கறிஞர் என்பார்கள், சைபர் பிரிவு என்று போலி அடையாள அட்டையும் காட்டுவார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. பிளாக்செயினில் (கிரிப்டோ பரிமாற்றங்களின் பொதுப் பதிவேடு) உறுதியான பரிமாற்றத்தை எந்த ஹேக்கராலும் திருப்ப முடியாது, காவல்துறை மீட்புக்குக் கட்டணம் வாங்காது. அந்த எண்ணையும் அதே புகாரில் கூடுதல் தகவலாகச் சேருங்கள்.